தேள்கடிக்கு மருந்தான சூரியக் கடவுள்... யார் இந்த 'ரா'?

எகிப்தில் சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன்பு ஒருவருக்குத் தேள் கொட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கை வீங்குகிறது. உடம்பு ஒரு நேரம் கொதிக்கிறது, அடுத்த நேரமே குளிரில் நடுங்குகிறது. வீட்டார் வைத்தியரை அழைத்து வருகிறார்கள். வைத்தியர் என்ன செய்வார் தெரியுமா? முதலில் உட்கார்ந்து ஒரு கதை சொல்வார்!

விஷம் ஏறியவருக்கு எதற்குக் கதை என்று தோன்றலாம். அந்தக் கதையின் நாயகன் சாதாரண ஆள் இல்லை. உலகத்தைப் படைத்தவர், வல்லூறுத் தலையும் அதன் மேல் சூரிய வட்டமும் கொண்ட எகிப்தின் சூரியக் கடவுள் 'ரா'. அந்த ராவையே ஒரு பாம்பு கடித்துவிட்ட கதை அது.

இன்று இத்தாலியின் டியூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் சுருளில் இந்தக் கதை இருக்கிறது. கேட்டால், நம் வீட்டுத் தாத்தா ஞாபகம் வந்துவிடும்.

ராவுக்கு வயதாகிவிட்டது. தினமும் வானத்தில் நடந்துபோவது வழக்கம்தான், ஆனால் இப்போது வாயில் எச்சில் ஒழுகுகிறது, அது தரையில் சிந்துகிறது. இதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள் ஐசிஸ். மந்திரத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. வானத்திலும் பூமியிலும் அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான்... ராவின் ரகசியப் பெயர்! அந்தப் பெயரில்தான் அவருடைய சக்தி முழுவதும் இருக்கிறது. அவள் அந்த எச்சிலை மண்ணோடு பிசைந்து ஒரு பாம்பு செய்து, அவர் வழக்கமாக நடக்கும் பாதையில் போட்டுவைத்தாள். ரா வந்தார். பாம்பு கடித்தது.

அவருடைய அலறல் வானம் வரை கேட்டது. தாடைகள் அடித்துக்கொண்டன, கை கால்கள் நடுங்கின, கண் மங்கி வானம் தெரியாமல் போனது. எல்லாவற்றையும் தானே படைத்தவருக்கு, தன்னைக் கடித்தது எது என்று தெரியவில்லை. தான் படைக்காத ஒன்று இந்த உலகத்தில் எப்படி வந்தது என்று குழம்பினார். ஐசிஸ் ஒன்றும் அறியாதவள்போல் வந்து, பெயரைச் சொன்னால் விஷத்தை இறக்குகிறேன் என்றாள். ரா ஒரு பட்டியலே போட்டார். மலைகளை அடுக்கியவன் நான், ஒளியைத் தந்தவன் நான், காலையில் கெப்ரி, நண்பகலில் ரா, மாலையில் அத்தூம் என்று அடுக்கிக்கொண்டே போனார். விஷம் இறங்கவில்லை. நீங்கள் சொன்னதில் உங்கள் பெயர் இல்லையே என்றாள் ஐசிஸ்.

வலி தாங்க முடியாமல் கடைசியில் ரா இறங்கி வந்தார். பெயர் அவர் உடலிலிருந்து அவள் உடலுக்குள் போனது. விஷம் வெளியேறியது. அந்தப் பெயர் என்ன என்பதை மட்டும் சுருளை எழுதியவர் கடைசிவரை சொல்லவே இல்லை!

கதை முடிந்ததும் மருத்துவக் குறிப்பு வருகிறது. தெய்வங்களின் உருவங்களை நோயாளியின் கையில் வரைந்து, அதை அவரே நக்க வேண்டும். மெல்லிய துணியிலும் வரைந்து தொண்டையில் வைக்க வேண்டும். 'தேள் செடி' என்று அவர்கள் அழைத்த ஒரு மூலிகையை பீரிலோ ஒயினிலோ அரைத்துக் குடிக்க வேண்டும். கூடவே, இது லட்சக்கணக்கான முறை பலன் தந்த வைத்தியம் என்று ஒரு விளம்பரமும் எழுதியிருக்கிறார்கள். விளம்பரங்கள் எந்தக் காலத்திலும் மாறவில்லை போலிருக்கிறது.

மூலிகை வேலை செய்ததோ இல்லையோ, வலியில் துடிக்கும் ஒருவருக்கு 'சூரியனுக்கே இப்படி ஆனது, அவரும் பிழைத்தார்' என்று சொல்வது சின்ன ஆறுதல் இல்லை.

பருந்து இல்லை, வல்லூறு!

ராவின் உருவத்துக்கு வருவோம். மனித உடல், வல்லூறுத் தலை, அதன் மேல் சிவப்புச் சூரிய வட்டம், வட்டத்தைச் சுற்றிப் படமெடுத்த நாகம். தமிழில் பல இடங்களில் இதைப் 'பருந்து' என்றோ 'கழுகு' என்றோ எழுதிவிடுகிறார்கள். கண்ணுக்குக் கீழே கறுப்புக் கோடு இறங்கும் வல்லூறு இனம் இது. நாம் ராஜாளி என்றும் சொல்வோம். மற்ற பறவைகளைவிட உயரத்தில் பறந்து, மேலிருந்து கல் விழுவதுபோலப் பாயும் பறவை. வானத்தையும் அரசனையும் குறிக்க எகிப்தியர்கள் இதைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

உண்மையில் இந்தத் தலை ராவுக்கு இரவல் வந்தது. வல்லூறு முதலில் 'ஹோரஸ்' என்ற வானக் கடவுளுக்குச் சொந்தம். சூரியனும் வானத்து வல்லூறும் ஒன்றாகச் சேர்ந்தபோது 'ரா-ஹோராக்தி' என்ற பெயர் பிறந்தது. இரு தொடுவானங்களின் ஹோரஸாகிய ரா என்று பொருள். சூரியன் எழும் கிழக்கும் மறையும் மேற்கும்தான் அந்த இரு தொடுவானங்கள்.

கூகுளில் ராவின் படம் தேடினால் ஹோரஸும் கலந்துதான் வருவார். அடையாளம் காண ஓர் எளிய வழி இருக்கிறது. தலையில் எகிப்தின் இரட்டைக் கிரீடம் இருந்தால் பெரும்பாலும் ஹோரஸ். சூரிய வட்டமும் நாகமும் இருந்தால் பெரும்பாலும் ரா. 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம், எகிப்தியக் கடவுள்கள் ஒருவருக்குள் ஒருவர் கலந்துகொண்டே இருப்பார்கள். பிற்காலத்தில் தீப்ஸ் நகரத்துக் கடவுளான அமூன் செல்வாக்கு பெற்றபோது, ராவோடு சேர்ந்து 'அமூன்-ரா' ஆனார். ராவுக்கும் எப்போதும் ஒரே முகம் இல்லை. காலையில் சாணி உருட்டும் வண்டாக, அதாவது கெப்ரியாக இருப்பார். வண்டு சாண உருண்டையைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு, யாரோ சூரியனை இப்படித்தான் வானத்தில் தள்ளுகிறார்கள் என்று தோன்றியிருக்கிறது. இரவில் அவருக்குச் செம்மறிக்கடாத் தலை.

ராத்திரி என்ன நடக்கிறது?

சூரியன் மேற்கே மறைந்ததும் எங்கே போகிறது? இந்தக் கேள்விக்கு எகிப்தியர்கள் சொன்ன பதில்தான் ராவின் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பகலில் ஒரு படகில் வானத்தைக் கடக்கும் ரா, மாலையில் வேறொரு படகுக்கு மாறுகிறார். அது பாதாளத்துக்குள் போகும் படகு. இரவின் 12 மணி நேரமும் அங்கே 12 பகுதிகள். ஒவ்வொரு பகுதியிலும் யார் இருப்பார்கள், என்ன நடக்கும், யாரை என்ன பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்று ஒரு வழிகாட்டிப் புத்தகமே எழுதிவைத்தார்கள். அதன் பெயர் 'அம்துவாத்'. பாதாளத்தில் இருப்பவை பற்றியது என்று பொருள்.

கி.மு. 15-ம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் தூத்மோஸின் கல்லறையில் இந்தப் புத்தகம் முழுவதையும் சுவரில் பார்க்கலாம். மன்னர்களின் பள்ளத்தாக்கில், பாறை இடுக்கில் உயரமாக ஏறிப் பிறகு உள்ளே இறங்க வேண்டிய கல்லறை அது. முட்டை வடிவ அறை, கூரை முழுக்க நட்சத்திரங்கள். சுவரில் இருப்பவை பகட்டான ஓவியங்கள் இல்லை. குழந்தைகள் வரையும் குச்சி மனிதர்கள் போன்ற எளிய கோட்டுருவங்கள். ஒரு பெரிய பாப்பிரஸ் சுருளைப் பிரித்து அறையைச் சுற்றி ஒட்டியதுபோல இருக்கும்.

நான்காவது மணியில் தண்ணீர் வற்றி மணல்காடு வந்துவிடுகிறது. படகு போகாது. படகே பாம்பாக மாற, அதைக் கயிறு கட்டி மணலில் இழுக்கிறார்கள். ஆறாவது மணி, நள்ளிரவு. அங்கே ரா, இறந்தவர்களின் அரசரான ஒசைரிஸின் உடலோடு ஒன்றாகிறார். சூரியன் தன் பிணத்தைத் தானே சந்திக்கும் நேரம் என்றும் சொல்லலாம். அடுத்த நாளுக்கான உயிர் அங்கேதான் கிடைக்கிறது.

ஏழாவது மணியில் காத்திருக்கிறது அபெப் என்ற ராட்சதப் பாம்பு. ஆற்றுத் தண்ணீரையெல்லாம் குடித்துத் தீர்த்து, படகைத் தரைதட்ட வைத்துவிடும். இங்கே படகில் நின்று மந்திரம் ஏவுபவர் யார் தெரியுமா? ராவைப் பாம்பு கடிக்க வைத்த அதே ஐசிஸ்! வேறு சில ஓவியங்களில், படகின் முனையில் ஈட்டியோடு நிற்பது செத். ஒசைரிஸைக் கொன்ற முரடன்தான், ஆனால் அபெப்பை எதிர்க்க அவன்தான் சரியான ஆள் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

கடைசி, 12-வது மணி. படகை ஒரு நீளமான பாம்பின் உடலுக்குள் வால் வழியாக நுழைத்து வாய் வழியாக வெளியே இழுக்கிறார்கள். உள்ளே போகும்போது ராவும் கயிறு இழுப்பவர்களும் கிழவர்கள். வெளியே வரும்போது குழந்தைகள். கிழக்கே பொழுது விடிகிறது.

இதையே இன்னும் எளிமையாகச் சொல்லும் இன்னொரு படமும் உண்டு. வானத்தாய் நூத் மாலையில் சூரியனை விழுங்குகிறாள், காலையில் பெற்றெடுக்கிறாள். ஆறாம் ராம்சேஸ் கல்லறையின் கூரையில் அவள் நீள உடம்பு நெடுக வட்டமான சூரியன்கள் வரிசையாக நகர்வதைப் பார்க்கலாம்.

முக்கியமான விஷயம், விடியல் தானாக நடக்கும் என்று அவர்கள் நினைக்கவில்லை. அபெப்பை எவராலும் நிரந்தரமாகக் கொல்ல முடியாது. நேற்று வெட்டிப்போட்டது இன்றிரவு திரும்ப வரும். அதனால் மனிதர்களும் உதவ வேண்டியிருந்தது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள 'பிரெம்னர்-ரிண்ட்' பாப்பிரஸில் அதற்கான சடங்கு விவரமாக இருக்கிறது. பூசாரி மெழுகில் அபெப் பாம்பைச் செய்து, அதன் மேல் அதன் பெயரை எழுத வேண்டும். எச்சில் துப்ப வேண்டும், இடது காலால் மிதிக்க வேண்டும், ஈட்டியால் குத்தி, கத்தியால் வெட்டி, நெருப்பில் போட வேண்டும். வெளியே ஊர் தூங்கிக்கொண்டிருக்க, உள்ளே ஒருவர் மெழுகுப் பாம்பை மிதித்துக்கொண்டிருப்பார்... நாளை சூரியன் வரவேண்டுமே என்ற கவலையில்!

கண்ணீரில் பிறந்தவர்கள், பீரில் பிழைத்தவர்கள்

மனிதர்கள் எப்படி வந்தார்கள்? ராவின் கண்ணீரிலிருந்து. எகிப்திய மொழியில் 'மனிதர்' என்பதற்கும் 'கண்ணீர்' என்பதற்கும் சொற்கள் ஏறக்குறைய ஒரே ஒலி. அந்தச் சொல் ஒற்றுமையை வைத்தே ஒரு படைப்புக் கதையைக் கட்டிவிட்டார்கள்.

அந்தக் கண்ணீர்ப் பிள்ளைகள் ஒருநாள் ராவுக்கு எதிராகவே சதி செய்தார்கள். காரணம், இங்கேயும் முதுமைதான். அவருடைய எலும்புகள் வெள்ளியாகவும், சதை பொன்னாகவும், முடி நீலக்கல்லாகவும் மாறிவிட்டிருந்தன. கோபப்பட்ட ரா, மற்ற தெய்வங்களைக் கூட்டி ஆலோசித்து, தன் 'கண்ணை' ஹதோர் தேவியின் வடிவில் அனுப்பினார். அவள் பாலைவனத்தில் மனிதர்களை வெட்டிச் சாய்த்தாள். ரத்தச் சுவை பழகியதும் நிறுத்த மறுத்துவிட்டாள். செக்மெட் என்ற சிங்கமுகத் தேவி பிறந்தது அந்த வெறியில்தான்.

இப்போது பயந்தது ரா. எல்லோரும் அழிந்துவிடுவார்களே! எலிஃபென்டைன் தீவுக்கு ஓட்டக்காரர்களை அனுப்பி, செம்மண் போன்ற சிவப்பு நிறப்பொருளைக் கொண்டுவரச் சொன்னார். பணிப்பெண்கள் பார்லியை அரைத்தார்கள். 7,000 ஜாடி பீர் தயாரானது. எல்லாவற்றிலும் சிவப்பைக் கலந்து, விடிவதற்கு முன் வயல்களில் ஊற்றினார்கள். காலையில் வந்த தேவி ரத்தம் என்று நினைத்துக் குடித்தாள்... குடித்தாள்... போதை தலைக்கேறி மனிதர்களை அடையாளமே தெரியாமல் திரும்பிப் போய்விட்டாள்.

மனித இனம் பிழைத்தது. ஆனால், ராவுக்கு மனம் விட்டுப்போனது. போதும், களைத்துவிட்டேன் என்று, பசுவாக மாறிய நூத்தின் முதுகில் ஏறி வானத்துக்குப் போய்விட்டார். பூமியில் அவர் மனிதர்களோடு வாழ்ந்த காலம் அதோடு முடிந்தது. இந்த 'வானப் பசு' கதையின் ஒரு பகுதி துட்டன்காமனின் தங்கப் பேழைகளில் ஒன்றில் இருக்கிறது. இன்னும் முழுமையான வடிவம், 1817-ல் கண்டுபிடிக்கப்பட்ட முதலாம் சேத்தியின் கல்லறைச் சுவரில் இருக்கிறது.

மன்னிக்கத் தெரிந்த, ஆனால் அதன் பிறகு பழையபடி பழக முடியாத ஒரு பெரியவர். இந்தக் கடவுளை எனக்குப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

எல்லோரும் ராவின் பிள்ளைகள்

அரசியல்வாதிகள் இதை விடுவார்களா? கிஸாவின் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபுவின் மகன் ஜெதெஃப்ரே, கி.மு. 26-ம் நூற்றாண்டில் 'ராவின் மகன்' என்று தன்னை அழைத்துக்கொண்டார். அதன் பிறகு அந்தப் பட்டம் பாரோக்களின் நிரந்தர அடைமொழி ஆனது. கிஸாவின் மற்ற இரண்டு பிரமிடுகளின் சொந்தக்காரர்கள் கஃப்ரே, மென்கவ்ரே. கடைசியில் வரும் 'ரே'யும் நம் ராதான். ராம்சேஸ் என்றால் 'ராவுக்குப் பிறந்தவன்'.

பைபிள் படித்தவர்களுக்கு இன்னொரு பெயரும் தெரிந்திருக்கும். ஆதியாகமத்தில் யோசேப்பின் மாமனாராக வரும் போத்திபிரா, ஓன் பட்டணத்து ஆசாரியர். 'ரா கொடுத்தவன்' என்பது அந்தப் பெயரின் பொருள். ஓன் என்பது ராவின் தலைமைக் கோயில் இருந்த ஊர். கிரேக்கர்கள் அதை ஹீலியோபோலிஸ், அதாவது 'சூரிய நகரம்' என்றார்கள்.

ஐந்தாவது வம்ச மன்னர்கள் பிரமிடுகளோடு சூரியனுக்குத் தனிக் கோயில்களும் கட்டினார்கள். அபூ குராபில் நியூசெர்ரே கட்டிய கோயிலின் வெண்கல் பலிபீடம் இன்றும் திறந்தவெளியில் இருக்கிறது. இவர்களுக்கு நேர்மாறாக வந்தவர் அக்நாத்தன். ஆட்சியின் தொடக்கத்தில் அவருடைய ஆத்தெனுக்கும் வல்லூறுத் தலைதான் இருந்தது. கொஞ்ச காலத்தில் அந்தத் தலையை எடுத்துவிட்டார். வெறும் வட்டம், அதிலிருந்து கைகளாக நீளும் கதிர்கள். அவர் இறந்த சில ஆண்டுகளில் எகிப்தியர்கள் வல்லூறைத் திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள்.

வல்லூறுத் தலை ராவை நேரில் பார்க்க ஆசையா? அபூ சிம்பெல் போக வேண்டும். இரண்டாம் ராம்சேஸின் நான்கு பிரம்மாண்டச் சிலைகளைத்தான் எல்லோரும் செல்ஃபி எடுப்பார்கள். நடுவில், வாசலுக்கு மேலே மாடத்தில் நிற்கும் ரா-ஹோராக்தியைக் கவனிக்க மறக்காதீர்கள். அது ஒரு விடுகதை! அவர் ஒரு பக்கம் 'உசேர்' என்று படிக்க வேண்டிய குறியையும், மறுபக்கம் 'மாஅத்' தேவியையும் பிடித்திருக்கிறார். உசேர், மாஅத், ரா. சேர்த்தால் 'உசேர்மாஅத்ரே'. அது ராம்சேஸின் பட்டப்பெயர்! கடவுளின் சிலையையே தன் கையெழுத்தாக மாற்றிக்கொண்ட ராஜா. உச்சியில் குரங்குகள் வரிசையாகக் கை தூக்கி நிற்கின்றன. விடியற்காலையில் பபூன்கள் போடும் கூச்சலை, சூரியனுக்கான வணக்கம் என்று நம்பினார்கள்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 22, அக்டோபர் 22 தேதிகளில் காலைச் சூரியன் கோயிலின் கடைசி அறை வரை நுழையும். ரா, ராம்சேஸ், அமூன் மூவர் மேலும் ஒளி விழும். ஓரத்தில் இருக்கும் தாஹ் மட்டும் இருட்டில் இருப்பார், அவர் பாதாளத்தோடும் தொடர்புடையவர். இந்தத் தேதிகள் ராம்சேஸின் பிறந்தநாளும் முடிசூட்டு நாளும் என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கு ஆதாரம் கிடையாது. அஸ்வான் அணைத் தண்ணீரில் மூழ்காமல் இருக்க, 1960-களில் யுனெஸ்கோ முயற்சியில் இந்தக் கோயிலையே துண்டு துண்டாக அறுத்து, சுமார் 65 மீட்டர் உயரத்தில் திரும்பக் கட்டினார்கள். அதன் பிறகும் ஒளி சரியாக உள்ளே வருகிறது.

ஊர் எங்கே?

ஹீலியோபோலிஸ் இன்று கெய்ரோவின் வடகிழக்கில், நெரிசலான மடாரியா பகுதிக்குக் கீழே இருக்கிறது. கெய்ரோவில் ஹீலியோபோலிஸ் என்றே ஒரு வசதியான புறநகர் உண்டு. ஆனால் அது 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது, பழைய ஊர் இல்லை. மடாரியாவில் நிமிர்ந்து நிற்பது ஒரே ஒரு கல்தூண். முதலாம் சென்வொஸ்ரெத், ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன் நிறுத்திய, 20 மீட்டர் உயரச் செந்நிறக் கிரானைட் தூண்.

மற்றவை எல்லாம் ஊர்விட்டு ஊர் போய்விட்டன. ரோம் நகரின் பியாட்ஸா தெல் போப்போலோ சதுக்கத்தில் நிற்பது இங்கிருந்து அகஸ்டஸ் கொண்டுபோனது. 'கிளியோபாட்ராவின் ஊசிகள்' என்று லண்டனிலும் நியூயார்க்கிலும் நிற்பவையும் இந்த ஊர்த் தூண்கள்தான். கிளியோபாட்ராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை, நிறுத்தியது மூன்றாம் தூத்மோஸ். லண்டன் தூணைக் கொண்டுபோனபோது 1877-ல் பிஸ்கே விரிகுடாப் புயலில் ஆறு மாலுமிகள் இறந்தார்கள்.

2017 மார்ச்சில் மடாரியாவில், அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே நிலத்தடி நீர் ஊறிய ஒரு குழியில் எகிப்திய-ஜெர்மன் ஆய்வாளர்கள் ஒரு ராட்சதச் சிலையின் துண்டுகளைக் கண்டுபிடித்தார்கள். முழுசாக இருந்தபோது சுமார் 8 மீட்டர் உயரம். முதலில் இரண்டாம் ராம்சேஸ் என்று உலகம் முழுக்கச் செய்தி போனது. பிறகு கல்லில் இருந்த பெயரை வைத்து, அது கி.மு. 7-ம் நூற்றாண்டின் முதலாம் சாமெதிக் மன்னராக இருக்கும் என்று திருத்தினார்கள். ராவின் கோயில் வளாகத்தில் நின்ற சிலை. சேற்றிலிருந்து அந்தத் தலை மேலே வந்தபோது, சுற்றியிருந்த குடியிருப்புக்காரர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மடாரியாவுக்குப் பக்கத்துப் பகுதியின் பெயர் ஐன் ஷம்ஸ். பழைய சூரிய நகரத்துக்கு அரேபியர்கள் வைத்த பெயர் அது. அரபியில் அதற்கு 'சூரியனின் கண்' என்று பொருள்.